‘== ட்ரூ’வை நீக்கப் போய் காலியான பட்டியல்: ஒரு நிகழ்வு ஆய்வு

நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் இரவு வேலை நான்கு நாட்களாக யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது, பதிவுக் கோப்பில் ஒவ்வோர் இரவும் ‘முடிந்தது, அனுப்பியவை: 0’ என்று ஒரு வரி இருந்தது. சில நாட்களில் அனுப்ப யாருமே இல்லாமல் போவது இயல்புதான் என்பதால் அந்தப் பூஜ்யத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. பயிற்சி வகுப்புகளை ஒருங்கிணைப்பவர் கூப்பிட்டு, “இந்த வாரம் ஒருத்தர்கூட பதில் எழுதலையே, மெயில் போகுதா?” என்று கேட்ட பிறகுதான் பார்த்தோம்.

காரணம் நான் செய்த ஒரு கமிட், அதாவது நிரல் களஞ்சியத்தில் பதிந்த ஒரு மாற்றத் தொகுப்பு. நடைத் திருத்தம் என்று பெயரிட்டு, நிரலின் நடையைச் சோதிக்கும் லின்ட்டர் என்ற கருவி காட்டிய எச்சரிக்கைகளை ஒரே மூச்சில் சரிசெய்த கமிட் அது. அதில் பூலியன் (ட்ரூ என்ற உண்மை அல்லது ஃபால்ஸ் என்ற பொய்) ஒப்பீடுகளைப் பற்றிய ஒரே ஒரு விதி இத்தனை வேலை செய்திருக்கிறது. அந்த விதி தவறானது அல்ல, இன்றும் எங்கள் குழுவில் அது இயங்குகிறது. ஆனால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரியாமல் தானியங்கித் திருத்தத்தை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பின்தளம் பைத்தானில் எழுதப்பட்டது. டேட்டாபேஸுடன் பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற நூலகம், அறிக்கைகளுக்கான அட்டவணைகளைக் கையாள பாண்டாஸ் என்ற நூலகம். கீழே வரும் நிரல் வரிகளில் மாறிகளின் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், படிக்க எளிதாக இருக்கும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் இதில் பொய் எதுவும் இல்லை.

விதி எங்கிருந்து வந்தது

பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 எழுதப்பட்டது 2001இல். கீடோ வான் ரோசமும் பாரி வார்சாவும் எழுதியது. அப்போது மொழியில் பூலியன் என்று தனி டைப்பே (மதிப்பின் வகை) கிடையாது, 1, 0 என்றுதான் எழுதுவார்கள். பூல் டைப் முறையாக வந்தது 2003இல், பைத்தான் 2.3 பதிப்பில். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக அது முழு எண் டைப்பின் வாரிசாக வைக்கப்பட்டது. அதனால் ட்ரூவும் 1உம் இன்றுவரை சமம். இந்தப் பழைய முடிவு பின்னால் நம் கதையில் வரும்.

பெப் 8 சொல்வது தெளிவானது: பூலியன் மதிப்புகளை ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவற்றோடு ‘==’ வைத்து ஒப்பிடாதீர்கள். ‘இஃப் செயலில்:’ என்று எழுதினால் போதும். ‘இஃப் செயலில் == ட்ரூ:’ கூடாது. ‘இஃப் செயலில் இஸ் ட்ரூ:’ அதைவிட மோசம். மோசம் என்ற சொல் கையேட்டிலேயே இருக்கிறது.

நியாயமும் எளிதுதான். செயலில் என்பதே உண்மையா பொய்யா என்ற விடை என்றால், அந்த விடை உண்மைக்குச் சமமா என்று மறுபடி கேட்பதில் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. அப்படிக் கேட்கத் தொடங்கினால் அதற்கும் ஒரு ‘== ட்ரூ’ போடலாம், அதற்கு மேல் இன்னொன்று போடலாம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. ஒப்பீட்டை எடுத்துவிட்டால் மாறியின் பெயர் தனியாக நிற்க வேண்டியிருக்கும். ‘இஃப் நிலை:’ என்று வாசித்தால் என்ன நிலை என்று கேட்கத் தோன்றும். ‘இஃப் செயலில்_உள்ளவர்:’ என்றால் கேள்வி எழாது. இந்த எச்சரிக்கை வந்த பல இடங்களில் உண்மையில் திருத்த வேண்டியிருந்தது பெயரைத்தான். ‘நீக்கப்படாதவர் == ஃபால்ஸ்’ என்று ஒரு வரி எங்களிடம் இருந்தது. அதை ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் இரண்டு தடவை திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொண்டோம். பெயரை மாற்றியதும் அந்த வலி போனது.

கையேட்டை மனிதர்கள் மனப்பாடம் செய்ய முடியாது என்பதால் அதைச் சோதிக்கும் கருவி 2006இல் வந்தது. முதலில் அதற்கும் பெப்8 என்றே பெயர். கருவியின் சொல்லை மக்கள் கையேட்டின் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் குழப்பம் இருந்ததால் 2016இல் பைகோட்ஸ்டைல் என்று பெயர் மாற்றினார்கள். பூலியன் ஒப்பீட்டு விதிக்கு அதில் ஈ712 என்று எண். நன் என்ற இல்லாமை மதிப்போடு ஒப்பிடுவதற்கு ஈ711. 2022இல் வந்த ரஃப் என்ற வேகமான கருவியும் இதே எண்களையே வைத்துக்கொண்டது.

பைகோட்ஸ்டைலின் ஈ712 எச்சரிக்கை இப்படி இருக்கும்: ட்ரூவோடு ஒப்பிடுவதை ‘இஃப் காண்ட் இஸ் ட்ரூ:’ என்றோ ‘இஃப் காண்ட்:’ என்றோ எழுத வேண்டும் (காண்ட் என்பது நிபந்தனை). கவனியுங்கள், கையேடு மோசம் என்று சொல்லும் வடிவம் கருவியின் செய்தியில் முதல் யோசனையாக இருக்கிறது. நான் செய்தியை மட்டும் படித்தேன், கையேட்டைத் திறக்கவில்லை.

என்ன செய்தேன்

ஈ711க்கும் ஈ712க்கும் சேர்த்து ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதினேன். நன்னோடு ஒப்பிடும்போது ‘இஸ்’ போட வேண்டும் என்பது கையேடும் ஒத்துக்கொள்ளும் விதி. அதே வேலையை ட்ரூவுக்கும் ஃபால்ஸுக்கும் செய்தால் என்ன என்று நினைத்தேன். ‘==’ இருந்த இடத்தில் ‘இஸ்’, ‘!=’ இருந்த இடத்தில் ‘இஸ் நாட்’. லின்ட்டர் அமைதியானது, தானியங்கிச் சோதனைகளான டெஸ்ட்டுகள் பெரும்பாலும் பச்சை காட்டின, இரண்டு மட்டும் உடைந்தன. அவற்றைச் சரிசெய்து, இடைவெளித் திருத்தங்களோடு சேர்த்து ஒரே கமிட்டாக அனுப்பினேன். ரிவ்யூ செய்தவர் நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்திருப்பார். பெரும்பாலானவை காலி இடமும் மேற்கோள் குறியும். நடுவில் ஒரு ‘இஸ்’ கண்ணில் படாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

உடைந்தது இந்த வரியில் (வேர் என்பது எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை):

தேர்வு(பயனர்).வேர்(பயனர்.செயலில் == ட்ரூ)

எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ‘==’ என்பது ஒப்பீடு அல்ல. பயனர்.செயலில் என்பது ட்ரூவோ ஃபால்ஸோ வைத்திருக்கும் பெட்டி அல்ல, டேட்டாபேஸில் உள்ள ஒரு நெடுவரிசையின் பிரதிநிதி. அதன் மேல் ‘==’ போட்டால் விடை வராது, டேட்டாபேஸின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு துணுக்கு பிறக்கும். ‘செயலில் = ட்ரூ’ என்ற அந்தத் துணுக்கு வினவலில் போய் உட்காரும். பைத்தானில் ‘==’ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பும் (நிரலில் பொருள்களுக்கான வார்ப்பு, கிளாஸ்) தானே எழுதிக்கொள்ளலாம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

‘இஸ்’ அப்படி அல்ல. அதை எந்த வகுப்பும் மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் இருப்பது நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும். நெடுவரிசையின் பிரதிநிதியும் ட்ரூ என்ற பொருளும் ஒன்றல்ல, ஆக விடை ஃபால்ஸ். அந்த ஃபால்ஸ் வேர் நிபந்தனைக்குள் போகிறது. எஸ்க்யூஎல்ஆல்கெமி அதை மறுக்காது, ஏனெனில் வெறும் ட்ரூவும் ஃபால்ஸும் அங்கே செல்லுபடியாகும் நிபந்தனைகள். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குப் போன வினவலின் வால் ‘வேர் ஃபால்ஸ்’ என்று முடிந்தது. டேட்டாபேஸ் கேட்டதைக் கொடுத்தது: பூஜ்ய வரிசைகள்.

வினவல் பதிவை இயக்கி அந்த இரண்டு சொற்களைப் பார்த்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அது வரைக்கும் மெயில் சர்வரைச் சந்தேகித்து அரை நாள் போயிருந்தது.

அதே வினவலில் ‘பயனர்.விலகிய_நாள் == நன்’ என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. எஸ்க்யூஎல்ஆல்கெமி அதை ‘இஸ் நல்’ என்று சரியாக மொழிபெயர்க்கும், நல் என்பது எஸ்க்யூஎல்லின் இல்லாமை மதிப்பு. ஸ்க்ரிப்ட் அதையும் ‘இஸ் நன்’ ஆக்கியிருந்தது, அதுவும் ஃபால்ஸ். ஒன்றை மட்டும் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தால் பட்டியல் தொடர்ந்து காலியாகவே இருந்திருக்கும்.

டெஸ்ட்டுகள் எங்கே போயின

மின்னஞ்சல் வேலைக்கு டெஸ்ட்டுகள் இருந்தன. பெரும்பாலானவை பயனர் பட்டியலைக் கையாலேயே கொடுத்து, கடிதத்தின் உள்ளடக்கம் சரியா என்று பார்த்தன. வினவல் அங்கே ஓடவே இல்லை. டேட்டாபேஸைத் தொடும் டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அது என்ன சோதித்தது தெரியுமா? செயலில் இல்லாத பயனருக்கு மின்னஞ்சல் போகக் கூடாது என்பதை. யாருக்கும் போகவில்லை என்றால் அவருக்கும் போகவில்லை. டெஸ்ட் பச்சை.

இது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ‘வரக் கூடாது’ என்று மட்டும் சோதிக்கும் டெஸ்ட், காலிப் பட்டியலின் முன் எப்போதும் வெற்றி பெறும். வடிகட்டும் எந்த வினவலுக்கும் உள்ளே வர வேண்டிய ஒருவர், வெளியே நிற்க வேண்டிய ஒருவர் என இருவரை வைத்துத்தான் இப்போது டெஸ்ட் எழுதுகிறோம்.

சத்தம் போட்டு உடைந்த அந்த இரண்டு டெஸ்ட்டுகளும் பாண்டாஸ் பக்கம். ‘அட்டவணை[அட்டவணை.தேர்ச்சி == ட்ரூ]’ என்பது வரிசை வரிசையாக ஒப்பிட்டுத் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் எடுக்கும். ‘இஸ்’ ஆனதும் உள்ளே ஒற்றை ஃபால்ஸ் போனது. பாண்டாஸ் அதை நெடுவரிசையின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று கீ எரர் எழுப்பியது. அன்றே பிடித்தோம். பிழை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், உடனே, சத்தமாக.

அதே அறிக்கைப் பகுதியில் சத்தமில்லாத ஒன்றும் ஒளிந்திருந்தது. மதிப்பெண்கள் எல்லாம் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று நம்பை நூலகத்தின் ஆல் செயற்கூறு கொண்டு சோதித்து, ‘எல்லாம்_சரியா == ஃபால்ஸ்’ என்றால் அறிக்கையை நிறுத்தும் ஒரு காவல் வரி. ஆல் திருப்பித் தருவது பைத்தானின் ஃபால்ஸ் அல்ல, நம்பையின் சொந்த ஃபால்ஸ். மதிப்பில் சமம், பொருளாக வேறு. ‘==’ இருந்தபோது காவல் வேலை செய்தது. ‘இஸ் ஃபால்ஸ்’ ஆனதும் தரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்த நிபந்தனை நிறைவேறாது. அந்த நான்கு நாட்களில் கெட்ட தரவு எதுவும் வரவில்லை என்பது நல்வாய்ப்பு. வந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் தவறான மதிப்பெண் பட்டியல் வெளியே போயிருக்கும். போகாத மின்னஞ்சலைவிட இது மோசமான விளைவு.

ஒரே எழுத்து, வேறு வேறு எண்ணம்

கமிட்டைத் திரும்பப் பெற்றோம். அப்புறம் எச்சரிக்கை வந்த ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து, எழுதியவர் இங்கே எதைத் தெரிந்துகொள்ள விரும்பினார் என்று கேட்டோம். ‘== ட்ரூ’ என்று ஒரே மாதிரி எழுதப்பட்ட வரிகளுக்குப் பின்னால் இருந்த எண்ணங்கள் ஒன்றுபோல இல்லை.

பெரும்பகுதி விதி எதிர்பார்த்த வகைதான். மாறி உண்மையிலேயே பூல், ஒப்பீடு வெறும் பழக்கம். எடுத்துவிட்டோம், நிரல் நன்றாக இருந்தது. இவற்றைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

சில இடங்களில் மதிப்பு முழு எண். பழைய அட்டவணை ஒன்றில் ஒப்புகை நிலை 0, 1, 2 என்று இருந்தது. 2 என்றால் மறுபரிசீலனையில் உள்ளது. ‘நிலை == ட்ரூ’ என்பது 1ஐ மட்டும் பிடிக்கும், ஏனெனில் ட்ரூவும் 1உம் சமம், 2 சமமல்ல. ‘இஃப் நிலை:’ என்று சுருக்கினால் 2உம் உள்ளே வந்துவிடும், பூஜ்யமல்லாத எந்த எண்ணும் பைத்தானுக்கு உண்மை. ‘நிலை இஸ் ட்ரூ’ என்றால் 1கூட வராது. அதாவது விதி பரிந்துரைக்கும் இரண்டு வடிவங்களும் தவறு, ஒன்று அதிகமாக எடுக்கும், இன்னொன்று எதையும் எடுக்காது. சரியான வரி ‘நிலை == ஒப்புக்கொண்டது’ என்று ஒரு பெயருள்ள மாறிலியோடு ஒப்பிடுவது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் பூலியனை 0, 1 என்ற எண்களாகத்தான் சேமிக்கிறது. ஆகவே நேரடி வினவலில் வரும் மதிப்புகளிலும் இதே சிக்கல் காத்திருக்கிறது.

அமைப்புக் கோப்புப் பகுதியில் ஒரு வரி: ‘பராமரிப்பு_முறை == ட்ரூ’. மதிப்பு வந்தது சூழல் மாறியிலிருந்து. நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கப்படும் இந்தச் சூழல் மாறிகள் எப்போதும் சரம்தான், அதாவது எழுத்துத் தொடர். ‘ட்ரூ’ என்ற எழுத்துகளைக் கொண்ட சரம் ட்ரூ என்ற மதிப்புக்குச் சமமாகாது. அதாவது அந்தச் சுவிட்ச் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்ததில்லை. ஒப்பீட்டை நீக்கியிருந்தால் என்ன ஆகும்? ‘ஃபால்ஸ்’ என்ற சரமும் காலியில்லாத சரம் என்பதால் உண்மையாகிவிடும். அணைத்து வைத்தவர் வீட்டிலும் விளக்கு எரியும். இங்கே லின்ட்டர் ஓர் உண்மையான பிழை இருந்த வரியின் மேல் சரியாக விரல் வைத்திருக்கிறது. அது சொன்ன மருந்து மட்டும்தான் பொருந்தவில்லை. சரத்தை வாசலிலேயே பூலாக மாற்றும் ஒரு சின்ன செயற்கூறு எழுதியதும் பிரச்சினை தீர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த, யோசிக்க வைத்த வகை இது: ‘ஒப்புதல் == ஃபால்ஸ்’. பயனரின் தகவலைப் பகிரச் சம்மதமா என்ற கேள்விக்கான விடை. மூன்று நிலை உண்டு. சம்மதம், மறுப்பு, இன்னும் கேட்கவே இல்லை. மூன்றாவது நிலை நன்னாகச் சேமிக்கப்படுகிறது. ‘இஃப் நாட் ஒப்புதல்:’ என்று அழகாக எழுதினால் மறுத்தவரும் கேட்கப்படாதவரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்த வரிக்குக் கீழே இருந்தது ‘மறுத்தவருக்கு மீண்டும் கேள்வி அனுப்பாதே’ என்ற குறிப்பு. சுருக்கியிருந்தால் புதிதாகச் சேர்ந்த யாருக்கும் கேள்வியே போயிருக்காது. இங்கே ‘இஸ் ஃபால்ஸ்’தான் சரி. கையேடு மோசம் என்று சொன்ன வடிவம் இங்கே எழுதியவரின் எண்ணத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. கையேடு பேசுவது இருநிலை மதிப்புகளைப் பற்றி, இது மூன்று நிலை.

இன்னொரு வகையை லின்ட்டர் எழுதுபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ‘பெயர் இன் பட்டியல் == ட்ரூ’ என்ற வரி. வாசிக்கும்போது, பெயர் பட்டியலில் இருப்பது உண்மையா என்று கேட்பதுபோல இருக்கும். பைத்தானில் ‘இன்’, ‘==’ இரண்டும் ஒரே தரத்து ஒப்பீடுகள், சங்கிலியாகக் கோக்கப்படும். அதனால் அதன் பொருள், பெயர் பட்டியலில் இருக்கிறது, அதோடு பட்டியல் ட்ரூவுக்குச் சமம் என்பது. பட்டியல் ஒருபோதும் ட்ரூவுக்குச் சமமாகாது, எனவே நிபந்தனை எப்போதும் பொய். ‘== ட்ரூ’வை வெட்டினால் நிரலின் நடத்தை தலைகீழாகும், நல்ல திசையில். பிழை தீர்ந்தது என்று மகிழலாம். ஆனால் நடைத்திருத்தம் என்ற பெயரில் நடந்த இந்த மாற்றத்தை டெஸ்ட் இல்லாமல் அனுப்புவது சரியா? நாங்கள் தனிக் கமிட்டாக, தனி டெஸ்ட்டோடு அனுப்பினோம்.

கருவி எதைப் பார்க்கிறது

பைகோட்ஸ்டைல் நிரலைத் தருக்க வரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேடல் வடிவத்தை ஓட்டுகிறது. ‘==’ அல்லது ‘!=’ ஒரு பக்கம், ட்ரூவோ ஃபால்ஸோ மறு பக்கம். அவ்வளவுதான். ரஃப் இன்னும் ஒரு படி மேலே போய், நிரலை அதன் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரமாக்கி, அதில் ஒப்பீட்டுக் கணுவைப் பார்க்கிறது. எழுத்தைவிட மரம் நம்பகமானது. ஆனால் மரத்திலும் பயனர்.செயலில் என்பது ஒரு பெயரும் ஒரு பண்பும்தான். அது பூலா, நெடுவரிசையா, நம்பை அணியா, சரமா என்று மரம் சொல்லாது. டைப் தெரிந்தால்தான் எண்ணம் தெரியும், டைப் இந்தக் கருவிகளின் பார்வைக்கு வெளியே இருக்கிறது.

கருவிகளை எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரஃப் தன் திருத்தங்களைப் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என்று பிரித்து வைத்திருக்கிறது. ஈ712இன் திருத்தம் பாதுகாப்பற்ற பக்கம். ‘==’ஐத் தனக்கென மாற்றி எழுதிய நூலகங்களில் நடத்தை மாறலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. நாமாகக் கேட்டால் ஒழிய அது தொடாது. ஆட்டோபெப்8 கருவியும் இந்தத் திருத்தத்தைத் தன் ஆக்ரோஷ முறையில்தான் செய்யும். நான் சொந்த ஸ்க்ரிப்ட் எழுதியதால் இந்தக் கதவுகள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

பிளாக் என்ற வடிவமைப்புக் கருவியோடு ஒப்பிட்டால் எல்லை எங்கே என்று புரியும். பிளாக் ஒரு கோப்பைத் திருத்திய பிறகு, பழைய தொடரியல் மரத்தையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஈடாக இல்லையென்றால் எழுத மறுக்கும். இடைவெளி, வரிமுறிவு, மேற்கோள் குறி எதை மாற்றினாலும் மரம் மாறாது. ‘== ட்ரூ’வை நீக்கினால் மரம் கட்டாயம் மாறும். ஆகவே அது வடிவமைப்பு அல்ல, மறுஎழுத்து. இரண்டையும் ஒரே கமிட்டில் கலந்ததுதான் என் உண்மையான தவறு என்று இன்று நினைக்கிறேன். வடிவமைப்புக் கமிட்டை மேலோட்டமாகப் பார்க்கலாம், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட்டின் பிளேம் கட்டளை அதைத் தாண்டிப் போகும்படி ஒரு கோப்பில் குறித்தும் வைக்கலாம். மறுஎழுத்தை வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும்.

இப்போது எங்கள் ஏற்பாடு

வினவல் கோப்புகளில் ‘பயனர்.செயலில்.இஸ்_(ட்ரூ)’ என்று எழுதுகிறோம். எஸ்க்யூஎல்ஆல்கெமியே தரும் வழி இது. லின்ட்டர் தொடாது, படிப்பவருக்கும் இது எஸ்க்யூஎல் என்று தெரியும். ஒரு நுட்பம் மட்டும் உண்டு. எஸ்க்யூஎல்லில் ‘= ட்ரூ’வும் ‘இஸ் ட்ரூ’வும் ஒன்றல்ல. நல் வரிசைக்கு முதலாவதன் விடை நல், இரண்டாவதன் விடை ஃபால்ஸ். வேர் நிபந்தனையில் நேராகப் போட்டால் இரண்டுமே அந்த வரிசையை விட்டுவிடும், வேறுபாடு தெரியாது. எதிர்மறையில் தெரியும்: ‘!= ட்ரூ’ என்றால் நல் வரிசைகள் வராது, ‘இஸ் நாட் ட்ரூ’ என்றால் வரும். எங்கள் நெடுவரிசைகளில் நல் அனுமதிக்கப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே மாற்றினோம்.

மாறுதிசையில் ஒரு காவலும் வைத்தோம். தொடரியல் மரத்தைத் தரும் பைத்தானின் சொந்த ஏஎஸ்டி மாட்யூலை வைத்து எழுதிய சிறிய சோதனை. வேர், ஃபில்டர், ஹேவிங் ஆகிய அழைப்புகளின் உள்ளே ‘இஸ்’ அல்லது ‘இஸ் நாட்’ கொண்ட ஒப்பீட்டுக் கணுவோ, ‘நாட்’ கணுவோ தென்பட்டால் நிறுத்தும். எஸ்க்யூஎல்ஆல்கெமி வினவலுக்குள் இவை வருவதற்கு நல்ல காரணம் அரிது. எழுத ஒரு மாலை ஆனது. எங்கள் நிரல்களின் மேல் ஓட்டியபோது, என் கமிட்டுக்கு முன்பே யாரோ எழுதி வைத்த ‘நாட் வகுப்பு.முடிந்தது’ ஒன்று அகப்பட்டது. பொதுவான விதியைவிட, நம் நிரலுக்குள் என்ன அர்த்தம் என்று தெரிந்து எழுதிய குறுகிய விதி எவ்வளவு பயன் தரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

பாண்டாஸ் பக்கம் பெரும்பாலும் ‘அட்டவணை[அட்டவணை.தேர்ச்சி]’ என்றும், எதிர்மறைக்கு முன்னால் ‘~’ போட்டும் எழுதுகிறோம். ‘நாட்’ அங்கே செல்லாது, ஒரு முழு நெடுவரிசையின் உண்மைத்தன்மை தெளிவில்லை என்று வேல்யூ எரர் வரும். நெடுவரிசையில் விடுபட்ட மதிப்புகள் இருந்தால் ஒப்பீட்டை அப்படியே விட்டு, அந்த வரிக்கு மட்டும் விதியை அணைத்து, பக்கத்தில் காரணம் எழுதுகிறோம். காரணம் இல்லாத அணைப்பை ரிவ்யூவில் ஏற்பதில்லை.

டைப் தெரியும் மொழிகளில் இதே விதி எவ்வளவு நிம்மதியாக வாழ்கிறது என்று பார்த்தால் பொறாமையாக இருக்கும். கோ மொழியில் நிபந்தனை என்றால் பூல் மட்டும்தான், எண்ணோ சரமோ அங்கே நிற்க முடியாது. அதனால் ஸ்டாடிக்செக் கருவியின் எஸ்1002 விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம். ரஸ்ட்டின் கிளிப்பியில் உள்ள பூல்_கம்பாரிசனும் அப்படியே. ஜாவாவில் இன்னும் ஒரு காரணம் கூடுகிறது: ‘இஃப் (செயலில் = ட்ரூ)’ என்று ஒரு சமக்குறி விட்டுப்போனாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், நிபந்தனை எப்போதும் உண்மையாகும். ஒப்பீடே எழுதாதவருக்கு அந்தத் தட்டச்சுப் பிழை வர வழியில்லை. டைப்ஸ்கிரிப்ட்டுக்கான ஈஎஸ்லின்ட் விதி டைப் தகவலைக் கேட்டு வாங்கிய பிறகே பேசும், இல்லாமையும் சாத்தியமான பூலியனைத் தனியாக நடத்தவும் அதில் வழி உண்டு. காட்லினில் நல் ஆகக்கூடிய பூலியனை ‘== ட்ரூ’ என்று ஒப்பிடுவதே ஏற்கப்பட்ட வழக்கம், அதை வெட்டினால் நிரல் கம்பைல் ஆகாது. சி மொழியில் கதை பழையது: பூஜ்யமல்லாத எதுவும் உண்மை, ட்ரூ என்று வரையறுத்தது 1, ஆக 4ஐத் திருப்பித் தரும் செயற்கூறை ட்ரூவோடு ஒப்பிட்டால் பொய். அங்கே விதி நடைக்காக அல்ல, பிழை தவிர்க்கவே பிறந்தது.

எங்கள் களஞ்சியத்தில் ஈ712 மீண்டும் எல்லாக் கோப்புகளிலும் இயங்குகிறது, எச்சரிக்கையாக மட்டும். திருத்தம் கையால். ஒப்புதல் வரி ‘இஸ் ஃபால்ஸ்’ என்றே நிற்கிறது, அதன் மேல் இரண்டு வரிக் குறிப்போடு: மறுத்தவர் வேறு, இன்னும் கேட்கப்படாதவர் வேறு. போன மாதம் குழுவில் சேர்ந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “இது கையேட்டுக்கு விரோதமாச்சே, மாத்திடட்டுமா?” என்று கேட்டார். நன் கொண்ட ஒரு பயனரை வைத்து எழுதிய டெஸ்ட்டைக் காட்டினேன். தன் கிளையில் வரியை மாற்றி ஓட்டிப் பார்த்தார். டெஸ்ட் சிவப்பானது. மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு, குறிப்பில் அந்த டெஸ்ட்டின் பெயரையும் சேர்த்தார்.